உடைந்த ஊசிப் பதிவேடு

ஊசி திரும்பியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். பதினேழாம் நம்பர் மெஷின் தையலைத் தாண்டித் தாண்டிப் போட்டதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை. ஊசியில் இருக்கிற நீளப் பள்ளம் இடப்பக்கம் பார்க்க வேண்டும். அது வலப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. தையல் வேலைக்கு வருகிற யாரும் முதல் நாளே கற்றுக்கொள்கிற சங்கதி இது. அதைப் பார்க்காமல் மெக்கானிக்கம்மா மெஷினைப் படுக்கப்போட்டு, அடியில் கையை விட்டு, மேல்நூலை அடிநூலோடு கோக்கிற ஹூக்கின் மூன்று திருகுகளையும் தளர்த்தி, ஊசியும் ஹூக்கும் சந்திக்கிற இடத்தைத் திருத்தித் திருத்தி ஒன்றரை மணி நேரம் அதனோடு மல்லுக்கு நின்றாள்.

"மெஷின் தையலைத் தாண்டினா முதல்ல ஊசியைப் பாரு, அப்புறம் என்னைக் கூப்பிடு" என்று அந்தத் தையல் கூடத்தில் இருந்த நாற்பது பேரிடமும் பன்னிரண்டு வருஷமாகக் கரடியாய்க் கத்தியவளும் அவள்தான்.

கண்டுபிடித்தது அந்த மெஷினில் உட்காருகிற நாத்தனார். மெக்கானிக்கம்மாவின் புருஷனுக்குத் தங்கை. அதே வீட்டில்தான் இருக்கிறாள், அதே பேருந்தில்தான் வேலைக்கு வருகிறாள். ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு குனிந்தாள். ஆனால் நாற்பது மோட்டாருக்கு மேலே பேசிப் பழகிய தொண்டைக்கு ரகசியம் எங்கே வரும்?

"அண்ணி, ஊசி திரும்பியிருக்கு அண்ணி."

"யாரு போட்டது?"

"நான்தான்."

வரிசை வரிசையாக மோட்டார்கள் நின்றன. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மெக்கானிக்கம்மாவும் சேர்ந்து சிரித்து ஊசியைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் துணியைக் குனிந்து பார்த்தார்கள். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

பதினோரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். இடது மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சை, பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு கீமோ, பிறகு கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து, உதிர்ந்த முடியும் சுருள் சுருளாக முளைத்திருந்தது. பார்த்தவர்களெல்லாம் முடியைத்தான் பார்த்தார்கள். "அட, முன்னைக்கு இப்பத்தான் நல்லா இருக்கு" என்றார்கள். முடிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டிருந்தாள். வழக்கமான பரிசோதனைகளில் ஒன்றும் குறையில்லை என்றார். கீமோவுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆவதுண்டு, மறதி, நிதானக் குறைவு, சொல் வராமல் நிற்பது. பலருக்கு மெல்ல மெல்லச் சரியாகும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கும் என்றார்.

"எதனால டாக்டர்?"

"மருந்தா இருக்கலாம். தூக்கம் கெட்டதா இருக்கலாம். ஹார்மோன், கவலை, களைப்பு எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம். இன்னதுதான்னு முழுசாத் தெரியலம்மா."

தெரியாது என்று ஒரு டாக்டர் தன் வாயால் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. எந்த மெஷினையும் அவள் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குவாள்.

ஆனால் பதினேழாம் நம்பருக்குப் பிறகு தொடங்க இடமில்லாமல் போயிற்று. சூப்பர்வைசர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் கொடுத்தபோதே மெக்கானிக்கம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு ஊசி ரூமைப் பாத்துக்கோங்க. உக்காந்த வேலை. மெஷினை ஸ்பேனர் பாத்துக்கட்டும்."

ஸ்பேனர் என்பது அவள் இல்லாதபோது தற்காலிகமாக வந்த மெக்கானிக். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நல்ல கை, பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஸ்பேனர். மாதக் கடைசியில் அவனை நிரந்தரமாக்கப்போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடத்துக்கு ஒரு மெக்கானிக் போதும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஊசி ரூம் என்றால் மூன்று சுவரும் ஒரு கம்பி வலையும். வலையில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல். உள்ளே ஒரு மேஜை, அளவு வாரியாக ஊசி இழுப்பறைகள், ஒரு பூதக்கண்ணாடி, கயிறு கட்டிய ஒரு காந்தம், அப்புறம் பதிவேடு. மெஷினில் ஊசி உடைந்தால் சும்மா புது ஊசி கிடைக்காது. உடைந்த துண்டு அத்தனையையும் கொண்டுவந்து ஜன்னலில் வைக்க வேண்டும். ஊசி அறையில் இருப்பவள் பூதக்கண்ணாடிக்கு அடியில் துண்டுகளை ஒட்டவைத்து, முறிந்த வாய்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்து, டேப் போட்டுப் பதிவேட்டில் ஒட்டுவாள். நுனி காணாமல் போனால் தீர்ந்தது கதை. அந்த மெஷின் நிற்கும். தைத்துக்கொண்டிருப்பது கைக்குழந்தைகளின் சட்டை. ஒரு மில்லிமீட்டர் ஊசி நுனி ஒரு சட்டைக்குள் போய்விட்டால் என்னாகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காந்தத்தை எடுத்துக்கொண்டு தரை, மேஜை, மடி, முந்தானை எல்லாம் தேடுவார்கள். கிடைத்தபின் மெக்கானிக் வந்து, 'துண்டு கிடைத்தது. மெஷினை ஓட்டலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'கிடைக்கவில்லை' என்று எழுதி எந்த மெஷினும் அந்தக் கூடத்தில் ஓடியதில்லை.

பழைய பக்கங்களைப் புரட்டினால் எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. புதுப் பக்கங்களில் ஸ்பேனருடையது, தலையும் வாலும் தெரியாத ஒரு கிறுக்கல்.

முதல் நாள் அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. இரண்டாம் நாள் கொட்டாவி வந்தது. மூன்றாம் நாள், மத்தியானம், மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தபோது, மூன்று துண்டாக வந்த ஓர் ஊசியைப் பொருத்திக்கொண்டிருந்தவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. ஊசி உடைந்தால் இத்தனை விசாரிக்கிறோம். எந்த மெஷின், எத்தனை மணி, என்ன துணி, அப்போது என்ன நடந்தது, துண்டு எங்கே கிடைத்தது. என் தலைக்குள்ளே தினமும் நாலு உடைகிறது. ஒன்றுக்காவது ஒரு வரி எழுதினேனா?

போகிற வழியில் அதே மாதிரி நீளப் பதிவேடு ஒன்றை வாங்கிக்கொண்டாள். வீட்டுச் சமையலறை மேஜையில் வைத்துக் கோடு போட்டாள்.

"என்ன அண்ணி இது?" என்றாள் நாத்தனார்.

"உடைஞ்ச ஊசிப் பதிவேடு."

"வீட்டுல ஏது உடைஞ்ச ஊசி?"

"நான்தான்."

முதல் வாரப் பதிவுகள் இப்படி இருந்தன. 'செவ்வாய், காலை ஆறே முக்கால். உப்பு இரண்டு தடவை போட்டேன். அப்போது நடந்தது: நாத்தனார் பேசினாள். துண்டு கிடைத்தது, சாப்பிடும்போது.' 'புதன், மாலை நாலு. குடை என்ற சொல் வரவில்லை. மழையில் நின்றுகொண்டு, அந்த விரிக்கிறது, அந்த விரிக்கிறது என்று கை காட்டினேன். துண்டு பேருந்தில் கிடைத்தது, முழுக்க நனைந்த பிறகு.' 'வெள்ளி. முட்டை வேகவைத்தேன். தண்ணீர் வற்றி, முட்டை வெடித்து, கூரையில் ஒட்டியது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் பேசவில்லை. பின்னே ஏன்? யோசித்ததில் தெரிந்தது: எதிர்வீட்டுக்காரர் ஏணி சாய்த்ததை ஜன்னலில் பார்த்தேன். ஏணி வழுக்குமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஏணி வழுக்கவில்லை.'

அவள் புருஷன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். எழுபத்திரண்டு பிள்ளைகளின் நிறுத்தமும் அவருக்கு மனப்பாடம். வீட்டில் பேச்சு குறைவு. மனைவி சமையலறையை விட்டு நகர்ந்ததும் காதும் காதும் வைத்த மாதிரி உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பார், குழாயைப் பார்ப்பார், கதவுப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். பதிவேட்டை மேஜையில் கண்டபோது ஒரு பக்கம் படித்துவிட்டு மூடினார்.

"எதுக்கும்மா இதெல்லாம்? போகப் போகச் சரியாயிடும். இதையெல்லாம் எழுதி வச்சா மனசுதான் கஷ்டப்படும்."

"கஷ்டமா இல்லைங்க. அதுதான் எனக்கே ஆச்சரியம். எழுதினா, அடுத்தது எப்ப உடையும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நல்லா பாக்குறே போ" என்றார் அவர். அன்றைக்கு அடுப்பை இரண்டு தடவை பார்த்தார்.

நாற்பது பதிவு சேர்ந்ததும் அவள் அவற்றைப் பிரித்துப்பார்த்தாள். பெரும்பாலானவற்றில் வேலைக்கு நடுவில் யாரோ பேசியிருந்தார்கள், இல்லையென்றால் கண் வேறு பக்கம் போயிருந்தது. மெஷினில் கோளாறு தேடுகிற முறை அவளுக்கு ஒன்றுதான் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, ஓட்டிப் பார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் இருந்த பழைய தையல் மெஷினை மேஜைக்கு நடுவில் வைத்தாள். அடித்தட்டைக் கழற்றி, துணியை நகர்த்துகிற பல்லைக் கழற்றி, அடிநூல் சுற்றிய பாபினை வைக்கிற பாபின் கேஸை எடுத்து, எல்லாவற்றையும் ஒரு தட்டில் போட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். நாத்தனார் செல்போனில் நேரம் பார்க்க வேண்டும்.

பாபின் கேஸின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தது. அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இதை யாருடி கீழே போட்டது?"

"தெரியல அண்ணி" என்றாள் நாத்தனார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"சரி. முதல் தடவை, வாயே திறக்கக் கூடாது."

"இருமல் வந்தா?"

"முழுங்கு."

பதினாலு நிமிஷத்தில் முடித்தாள். எல்லாம் சரியாக உட்கார்ந்தது. துணி வைத்துத் தைத்தால் தையல் முத்து முத்தாக விழுந்தது.

"இப்ப பேசு."

"என்ன பேச?"

"எப்பவும் என்ன பேசுவியோ அதை."

நாத்தனாருக்கு இப்படி ஒரு அனுமதி ஆயுசில் கிடைத்ததில்லை. மூன்றாவது வரிசைக்காரியின் மகன் வேலையை விட்டது, மாடி வீட்டில் குழாய் ஒழுகுவது, தனக்கு முட்டி வலிப்பது, முட்டி வலிக்கு யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். நடுவில் கேள்வியும் கேட்டாள். "அண்ணி, வெள்ளைச் சட்டைக்கு எந்த நூல் போட்டோம் போன வாரம்?" மெக்கானிக்கம்மா பதில் சொன்னாள். மாட்டி முடித்து நிமிர்ந்தபோது தட்டில் ஒரு திருகு மிச்சமிருந்தது. பல்லைப் பிடிக்கிற திருகு.

இரண்டு பேரும் அந்தத் திருகைப் பார்த்தார்கள். நாத்தனாரின் முகம் வாடிவிட்டது. மெக்கானிக்கம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தியா! எங்க போச்சுன்னு பாத்தியா? நூலைப் பத்தி நீ கேட்ட இடத்துல போயிருக்கு. திருகைக் கையில எடுத்தேன், நீ கேட்டே, கீழே வச்சேன், பதில் சொன்னேன். திரும்பி வந்தப்போ அதைப் போட்டாச்சுன்னு கை நினைச்சுக்கிச்சு."

"அப்ப நான்தான் காரணமா அண்ணி?"

"நீ இல்லடி. முன்னெல்லாம் நீ பேசிக்கிட்டே இருப்பே, நான் பாட்டுக்கு மாட்டுவேன். விட்ட இடத்துல ஒரு ஆள் உக்காந்து எனக்காக இடம் பிடிச்சு வச்சிருக்கும். அந்த ஆளைத்தான் காணோம். மத்த ஆளுங்க எல்லாம் இருக்காங்க. வேலை தெரிஞ்ச கை இருக்கு. கோளாறு தேடுற புத்தி இருக்கு. இடம் பிடிக்கிறவதான் போயிட்டா."

"திரும்பி வருவாளா?"

"தெரியாது. அதுவரைக்கும் வேற யாரையாவது உக்கார வைக்கணும்."

உட்காரவைத்தது தையல்காரர்களின் சாக்குக்கட்டியை. ஒவ்வொரு படி முடிந்ததும் மெஷினின் உடம்பிலேயே ஒரு கோடு. ஊசி பார்த்தாச்சு, ஒரு கோடு. நூல் போகிற வழி பார்த்தாச்சு, இரண்டாவது கோடு. அடுத்த ஞாயிறு மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். நாத்தனார் பேசினாள், பாடினாள், கதவைத் தட்டினாள், ஒரு தடவை மயக்கம் போட்டு விழுவதுபோல் நடித்தாள். திருகு மிச்சமாகவில்லை. பதினாலு நிமிஷம் இருபத்தாறு ஆயிற்று. அது மட்டும்தான்.

மாதம் முடிய நாலு நாள் இருந்தபோது, தேநீர் இடைவேளையில், அவள் கண்ணாடி அறைக்குப் போனாள்.

"மேடம், எனக்கு ஒரு மெஷின் குடுங்க. உங்க முன்னாடியே பாக்குறேன். எது போச்சு, எது இருக்குன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன்."

சூப்பர்வைசர் பேனாவை மூடினாள், திறந்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் வந்து அவ்வளவு தூரம் சொல்லிட்டுப் போனாரே."

"எப்போ? பதினேழாம் நம்பருக்கு அப்புறமா?"

"இல்லக்கா. அதுக்கும் முந்தி. நீங்க கீமோல இருந்தப்போ. நீங்க இனிமே மெஷின் பக்கம் வரமாட்டீங்கன்னு சொன்னாரு. திரும்பி வந்தா லேசா ஏதாவது உக்காந்த வேலை குடுங்கன்னாரு. ஸ்பேனரையே அப்புறம்தானே எடுத்தோம். நீங்க என்னடான்னா வந்த அன்னிக்கே நேரா டூல்பாக்ஸைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. எனக்குத் தடுக்க மனசு வரல."

மெக்கானிக்கம்மாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கோபம்தான். "மேடம், இன்னும் நாலு நாள் இருக்கு. அதுக்குள்ள சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றைக்கும் மழை. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை இரண்டு பேரும் ஒரே குடையில் நடந்தார்கள். மெக்கானிக்கம்மா விஷயத்தைச் சொன்னதும், நாத்தனார் ரோட்டுக் குழிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டே நடந்தாள்.

"உனக்கும் தெரியுமா?" என்றாள் மெக்கானிக்கம்மா, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"அண்ணனையே கேளுங்க அண்ணி."

அவர் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தோல் ஒரே சுருளாக, அறாமல், கீழே தொங்கியது. அவள் ஈரப் புடவையோடு எதிரில் போய் நின்றாள்.

"என் வேலையை வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

கத்தி நின்றது. "நீதான்."

"நானா?"

"நீதான் போய்ச் சொல்லச் சொன்னே."

"நான் எப்பங்க சொன்னேன்?" அவள் குரல் உயர்ந்தது. "நல்லா வசதியா இருக்கு இல்ல? இவளுக்குத்தான் ஞாபகம் இருக்காதே. ஓட்டை விழுந்த தலை. யாரு வேணும்னாலும் எதை வேணும்னாலும் உள்ளே போட்டுட்டு, இது உன்னுதுதான்னு சொல்லலாம்!"

இருபது வருஷத்தில் அவள் அவரை எத்தனையோ சொல்லியிருக்கிறாள். இதைப்போல ஒன்றைச் சொன்னதில்லை. அவர் கத்தியை மேஜையில் வைத்தார். சுருள் தோல் அறுந்து தரையில் விழுந்தது.

அழுவதா, கதவை அறைந்துவிட்டுப் போவதா என்று ஒரு கணம் நின்றாள். கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று அரிக்கத் தொடங்கியிருந்தது. சொல்லியிருப்பேனா? சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பேன்? அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்துவந்து, எதிரில் உட்கார்ந்து, புதுப் பக்கம் திறந்தாள்.

"சரி. சொல்லுங்க. எந்த நாள்?"

"நாலாவது கீமோ முடிஞ்சு மூணாம் நாள்."

"எத்தனை மணி?"

"காலையில. நான் பஸ் எடுக்கப் போறதுக்கு முந்தி. ஏழு இருக்கும்."

"எங்கே இருந்தேன்?"

"குளியலறையில. தரையில உக்காந்திருந்தே, வாளியில சாஞ்சுக்கிட்டு. வாந்தி எடுத்து ஓஞ்சுபோய் இருந்தே."

"கையில என்ன?"

"பாபின் கேஸ். நம்ம வீட்டு மெஷினோடது. ராத்திரியே எடுத்து வச்சிருந்திருக்கே. பாபினை உள்ளே எப்படிப் போடுறதுன்னு பாத்துக்கிட்டே இருந்தே. நூல் எந்தப் பக்கம் சுத்தி வரணும்னு. போட்டே, எடுத்தே. போட்டே, எடுத்தே. அப்புறம் ஓங்கிச் சுவத்துல எறிஞ்சே."

அவள் எழுந்து போனாள். மெஷினிலிருந்து பாபின் கேஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். குழாய்க்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு டைலில் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. வாளி இடித்தது என்று வீட்டில் சொன்னார்கள், அவளும் நம்பியிருந்தாள். இப்போது குந்தி உட்கார்ந்து, நசுங்கிய விளிம்பை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். ஊசித் துண்டுகளை வைத்துப் பார்ப்பதுபோல, கொஞ்சம் திருப்பி, இன்னும் கொஞ்சம் திருப்பி. உட்கார்ந்தது.

திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் இருந்தார். நாத்தனார் கதவோரம் நின்றிருந்தாள்.

"என்ன சொன்னேன்? நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"'பாபின் போடத் தெரியாதவ நாற்பது மெஷினை எப்படிப் பாப்பா? போய்ச் சொல்லிடுங்க, நான் வரமாட்டேன்னு. நானே போய்ச் சொன்னா அங்கேயே அழுதுடுவேன்'னு சொன்னே. என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னே. நான் அன்னிக்கே போனேன்."

"ஆமா அண்ணி" என்றாள் நாத்தனார். "நானும் இருந்தேன். தரையை நான்தான் துடைச்சேன்."

அது அவள் பேச்சுத்தான். அழுகையை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைப்பவளும் அவள்தான். ஆனால் எவ்வளவு தேடினாலும் அந்தக் காலை அவளுக்குள் இல்லை. வாளி இல்லை, கை இல்லை. யாரோ ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தது. அந்தப் பெண்ணை நினைக்கப் பாவமாக இருந்தது.

"ஏன் எங்கிட்ட அப்புறம் சொல்லல?"

"ஒரு வாரம் கழிச்சு உனக்கு அது சுத்தமா ஞாபகம் இல்லைன்னு தெரிஞ்சது. எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா. அந்தக் காலையை நான் மட்டும் வச்சுக்கிறேன், உனக்கு வேண்டாம்னு நினைச்சேன்."

"நான் டூல்பாக்ஸைத் தூக்கிட்டுக் கிளம்பினப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"பயம்." அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "இன்னொரு தடவை நீ அப்படித் தரையில உக்காந்தா என்னால பாக்க முடியாது. ஊசி ரூமே போதும்னு நினைச்சேன். தப்புத்தான்."

மழை விட்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் கடைசிக் கட்டத்தில் எழுதினாள். 'அவர் பக்கத் துண்டு: கிடைத்தது. பொருந்துகிறது. என் பக்கத் துண்டு:' அதற்கு மேல் எழுதாமல் மூடிவைத்தாள்.

"இங்க பாருங்க. உங்களை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஓட்டைன்னு, வசதின்னு. அது தப்பு."

"விடு."

"விட மாட்டேன், கேளுங்க. அன்னிக்கு வேண்டாம்னு சொன்னதும் நான்தான். இன்னிக்கு வேணும்னு சொல்றதும் நான்தான். ரெண்டு பேர்ல இன்னிக்கு இருக்கிறவ பேச்சைக் கேளுங்க. நாளைக்கு நீங்களே வந்து மேடம்கிட்ட சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க, உங்க பேச்சைத்தான் எழுதி வச்சிருக்காங்க."

"பஸ் எடுக்கணுமே."

"எடுத்துட்டு வாங்க. எழுபத்திரண்டு பிள்ளைங்களை இறக்கி விடுறவருக்கு என்னை இறக்கி விடத் தெரியாதா?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதி உரித்த உருளைக்கிழங்கைக் கையில் எடுத்தார்.

மறுநாள் பத்து மணிக்கு, காக்கிச் சட்டையோடு கண்ணாடி அறைக்கு முன்னால் நின்று, "மேடம், நான் போன வருஷம் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று அவர் சொன்னதை நாத்தனார் அன்று முழுக்க நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மாதத்தின் கடைசி வேலை நாளில் முப்பத்தொன்றாம் நம்பர் மெஷின் தையலைத் தாண்டத் தொடங்கியது. சூப்பர்வைசர் ஊசி ரூம் ஜன்னலில் வந்து தலையைக் காட்டினாள். ஸ்பேனர் ஒதுங்கி நின்று டூல்பாக்ஸை நகர்த்திக் கொடுத்தான்.

அவள் முதலில் ஊசியைப் பார்த்தாள். நேராக இருந்தது, சரியான பக்கம் பார்த்தது, முழுக்க மேலே ஏறியிருந்தது. மெஷினின் உடம்பில் ஒரு கோடு போட்டாள். யாரோ பின்னால் 'களுக்' என்றார்கள். நூல் வழி, கோடு. நூலை இறுக்குகிற டென்ஷன், கோடு. பாபின் கேஸ், கோடு. மெஷினைப் படுக்கப்போட்டு, ஹூக்கின் திருகுகளைத் தளர்த்தி, அதன் இடத்தைத் திருத்தி, ஒன்றை இறுக்கி, ஒரு குட்டிக் கோடு போட்டு, இரண்டாவதில் ஸ்க்ரூடிரைவரை வைத்தபோது தேநீர் மணி அடித்தது. நாற்பது நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் இழுபட்டன. யாரோ அவள் தோளில் இடித்துவிட்டு, "அய்யோ, ஸாரிக்கா" என்றார்கள்.

போயிற்று. எல்லாம் வெறிச்சென்று ஆயிற்று. கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது, எதற்கு என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் பார்க்கிறாள், ஸ்பேனர் பார்க்கிறான். நாத்தனார் பதினேழாம் நம்பரில் எழுந்து நின்று வாயைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

"விட்டுப்போச்சு" என்றாள் மெக்கானிக்கம்மா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ஒரு நிமிஷம்."

குனிந்து கோடுகளை எண்ணினாள். நாலு நீளக் கோடு. அதற்குக் கீழே ஹூக் திருகுக்கென்று போட்ட குட்டிக் கோடு ஒன்றே ஒன்று. அப்படியானால் இது இரண்டாவது திருகு. இறுக்கினாள், குட்டிக் கோடு போட்டாள், மூன்றாவதுக்குப் போனாள். கை மறுபடி தன் வேலையை ஆரம்பித்துவிட்டது.

மெஷினை நிமிர்த்தித் துணி வைத்து ஓட்டினாள். சூப்பர்வைசர் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு தாண்டலும் இல்லை.

"நாற்பத்தஞ்சு நிமிஷம்" என்றாள் சூப்பர்வைசர்.

"ஆமா மேடம்."

"எனக்கு இருபது ஆகும்" என்றான் ஸ்பேனர், மறைக்காமல். அப்புறம் கோடுகளைப் பார்த்தான். "ஆனா அக்கா, போன வாரம் நானும் ஒரு திருகை விட்டுட்டேன். யாருக்கும் சொல்லல."

ஸ்பேனர் நிரந்தரமானான். அவளுக்கு முதல் வரிசை, பத்து மெஷின், காலை நேரம் மட்டும். மத்தியானத்துக்கு மேல் ஊசி ரூம். நாற்பது போய்ப் பத்து. அவளுக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்சம் அழுதாள். யாரும் பார்க்காத மாதிரித்தான்.

"அப்ப என் மெஷின் உங்க வரிசையில வராதா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"வராது. ஊசியைப் பாத்துப் போடு."

வீட்டில் அவர் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். என்னவோ கேட்க வாயைத் திறந்தவர், அவள் பதிவேட்டோடு உட்காருவதைப் பார்த்துவிட்டு, கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு அடுப்பருகில் நின்றார். அவள் நாலு நாளாகப் பாதியில் நின்றிருந்த பக்கத்தை எடுத்தாள். கண்ணை மூடி, அந்தக் காலையை இன்னொரு தடவை தேடிப் பார்த்தாள். வாளி, ஈரத் தரை, அவர் கை. சொல்லிக் கேட்டதுதான் வந்தது, நடந்தது வரவில்லை.

'என் பக்கத் துண்டு:' என்று நின்றிருந்த இடத்தில் 'கிடைக்கவில்லை' என்று எழுதினாள். அதற்குக் கீழே 'மெஷினை ஓட்டலாம்' என்று எழுதி, மெக்கானிக் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.